ஜெயரூபனுக்கு நரைத்தபோது

இரவு ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் திருப்புலிவனம் வந்து இறங்கியபோது பெஞ்சமினுக்கு இடது முட்டி மடங்க மறுத்தது. வாலாஜாபாத் பக்கம் ஒரு கம்பெனியில் வாட்ச்மேன் வேலை. கேட்டருகில் நாற்காலி போட்டிருந்தார்கள் என்றாலும் லாரி வரும்போதெல்லாம் எழுந்து போய்க் கதவைத் தள்ள வேண்டும், வண்டி நம்பர் பார்க்க வேண்டும், திரும்ப வந்து மூட வேண்டும். காலனிக்குத் திரும்பும் மண்ரோட்டில் அவர் காலை இழுத்து இழுத்து நடந்தார். தை மாதப் பனி இன்னும் கலையவில்லை. ஏதோ ஒரு கழனியில் அறுவடை மிஷின் அதற்குள் இரைய ஆரம்பித்திருந்தது.

வீட்டுக்கு முன்னால் வெங்கடேசன் தன் புல்லட்டின் மேலேயே உட்கார்ந்து காத்திருந்தார். ஊரில் நிலபுலன் உள்ள குடும்பம். பெஞ்சமினின் அம்மா மார்த்தாள் சாகிற வரைக்கும் அவர்கள் கழனியில்தான் நடவு நட்டாள்.

"இன்னா நைனா, இப்பத்தான் வர்றியா?" என்றார் வெங்கடேசன்.

நைனா என்று கூப்பிட்டால் ஏதோ காரியம் ஆக வேண்டியிருக்கிறது என்று அர்த்தம். மற்ற நாட்களில் 'டேய் பெஞ்சமின்'தான். இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது.

"ஆமாண்ணா. உள்ள வந்து குந்துங்க."

"இருக்கட்டும். மிஷின் கழனியில கீது, நான் போயி நிக்கணும். வர்ற ஞாயித்துக்கிழம நம்மாளு நெனைவு நாளு. ஞாபகம் கீதில்ல?"

"கீதுண்ணா. ஆனா என்னால ஆவாது. போன வருசமே சொன்னேனே, முட்டி போயிட்ச்சுன்னு. வேற யாராச்சும் சின்னப் பையனாப் பாருங்க."

"இந்த வருசம் மட்டும் அப்டி சொல்லாத. யாரு வர்றாங்க தெரியுமா?" வெங்கடேசன் குரலைத் தாழ்த்தினார். "சசிரேகாம்மா வர்றாங்க."

 சாப்பாட்டுப் பை தோளிலிருந்து நழுவியதைக்கூடப் பெஞ்சமின் கவனிக்கவில்லை.

வெங்கடேசன் 'நம்மாளு' என்று சொன்னது நடிகர் ஜெயரூபனை. முப்பது வயதுகூட நிறையாமல் செத்துப்போன மனிதர். விரல்விட்டு எண்ணுகிற அளவுக்குத்தான் படங்கள். அதற்குள் உத்திரமேரூர் சுற்றுவட்டாரத்தில் மட்டும் அவர் பேரில் ஏழெட்டு மன்றங்கள் இருந்தன. ஒற்றை முட்டியைத் தரையில் ஊன்றிச் சுழன்று, எழும்போது சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுச் சிரிப்பார். அதைச் செய்து பார்க்காத பையன் அந்தக் காலத்தில் இந்தப் பக்கம் கிடையாது.

பெஞ்சமின் அப்போது உத்திரமேரூரில் ஒரு ரைஸ் மில்லில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தார். ஜெயரூபனின் முதல் படம் டூரிங் டாக்கீஸில் ஓடி முடிந்து வெளியே வந்த கூட்டம், சைக்கிள் ஸ்டாண்டில் நின்ற பெஞ்சமினைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டது. அதே நெற்றி, அதே மூக்கு, ஒரு பக்கமாய் ஏறுகிற அதே சிரிப்பு. அடுத்த மாதமே டான்ஸ் குழு வைத்திருந்த மோகன் என்பவர் மில் வாசலில் வந்து நின்றார். திருவிழாவுக்குத் திருவிழா மேடை. ரெக்சின் ஜாக்கெட், கூலிங் கிளாஸ். புள்ளலூரிலும் திருமுக்கூடலிலும் பெஞ்சமின் மேடையேறினால் விசில் அடங்க நேரமாகும்.

அப்புறம் ஒரு தை மாதம், இதே போலப் பனி இறங்கியிருந்த விடியலில், ஜெயரூபன் வந்த கார் திண்டிவனம் தாண்டி நின்றிருந்த லாரியில் மோதியது. உத்திரமேரூரில் அன்றைக்கு ஒரு கடை திறக்கவில்லை. பையன்கள் மொட்டை போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து அழுதார்கள். மெட்ராஸ் போய் முகம் பார்க்க முடியாதவர்கள் பெஞ்சமின் வீட்டுக்கு வந்தார்கள். யாரும் கூப்பிடவில்லை, யாரும் சொல்லி அனுப்பவும் இல்லை. காலனிக்குள் அதுவரை கால் வைக்காதவர்களெல்லாம் வந்து வாசலில் நின்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். புள்ளலூரிலிருந்து இடுப்பில் குழந்தையோடு வந்த ஒரு பெண், பெஞ்சமினின் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்து, "நீயாச்சும் நல்லாரு சாமி" என்று அழுதாள். என்ன செய்வதென்று தெரியாமல் அவர் அசையாமல் நின்றார். தானே செத்து, தன் பாடைக்குப் பக்கத்தில் நிற்பது போல இருந்தது அவருக்கு.

ஜெயரூபன் உயிரோடு இருந்தபோது கிடைத்ததைவிட, அவர் போன பிறகுதான் பெஞ்சமினுக்கு ஓயாத அழைப்பு. ஜாக்கெட் மாட்டிக்கொண்டால் ஊர்த்தெருக்காரர்கள் அவரைத் தோளில் தூக்கிவைத்து ஆடுவார்கள். வெங்கடேசனே மேடையேறி மாலை போட்டு, "தலைவா" என்று காலைத் தொட வருவார். விடிந்து டீக்கடையில் பார்த்தால் அதே வெங்கடேசனுக்கு பெஞ்சமின் கண்ணில் பட மாட்டார். ஆரம்பத்தில் இது வேடிக்கையாகத்தான் இருந்தது. பிறகு வேடிக்கையாக இல்லை. அதற்கும் பிறகு, அதைப் பற்றி நினைக்கிற தெம்பும் போய்விட்டது.

வருஷங்கள் போயின. செத்தவருக்கு வயது ஏறவில்லை. பெஞ்சமினுக்கு ஏறியது. முதலில் மீசையில் சாயம், அப்புறம் தலைக்கு, பிறகு தொப்பையை இறுக்கிக் கட்ட ஒரு பெல்ட். ஒரு தேர்த் திருவிழாவில் முன்வரிசையில் இருந்த குழந்தை ஒன்று, "அம்மா, ஜெயரூபன் தாத்தா" என்று கத்தியது. கூட்டமே சிரித்தது. அந்த வருஷத்தோடு திருவிழா மேடைகளை விட்டுவிட்டு வாட்ச்மேன் வேலைக்குப் போனார். நினைவு நாளுக்கு மட்டும் வெங்கடேசன் விடவில்லை.

சசிரேகா ஜெயரூபனின் மனைவி. கல்யாணமாகி இரண்டு வருஷம்கூட வாழவில்லை. சவப்பெட்டியின் மேல் தலைசாய்த்து அவர் அழுகிற படத்தைத்தான் வருஷா வருஷம் போஸ்டரில் ஒரு மூலையில் போடுவார்கள். எந்த ஊர் நினைவு நாளுக்கும் அவர் வந்ததில்லை.

பெஞ்சமினின் மனைவி பிரிஸ்கில்லா டீ கொண்டுவந்து வெங்கடேசனிடம் நீட்டினாள். "வாணாம்மா, இப்பத்தான் குட்ச்சேன்" என்றார் வெங்கடேசன். அவர் எப்போதும் அப்படித்தான் சொல்வார். அவள் அந்த டம்ளரைப் புருஷன் கையில் கொடுத்தாள்.

"அந்தம்மா வந்தா வரட்டும். இவரு இன்னாத்துக்குண்ணா?" என்றாள். "செத்த புருசன் மூஞ்சிய வச்சிக்கினு இன்னொருத்தன் ஆடறத அந்தம்மா பாக்கணுமா?"

"நான் கூப்புடலம்மா. அவங்களேதான் கேட்டாங்க. 'அந்த ஊர்ல அவர் மாதிரியே ஒருத்தர் இருக்காராமே, அவர் வருவாரா'ன்னு போன்ல கேட்டுட்டுத்தான் வர்றேன்னு ஒத்துக்கினாங்க."

பெஞ்சமின் டீயைக் குடித்து முடித்தார். "சரிண்ணா, வர்றேன்" என்றார்.

அன்று பகலில் அவருக்குத் தூக்கம் வரவில்லை. இத்தனை வருஷம் எத்தனையோ பேர் இந்த முகத்தைப் பார்த்து அழுதிருக்கிறார்கள். அவர்களுக்கு ஜெயரூபன் திரையில் பார்த்த ஆள். அந்தம்மாவோ அந்த ஆளோடு ஒரே வீட்டில் இருந்தவர். அவர் முன்னால் போய் நிற்பதை நினைத்தால், அடுத்தவர் சட்டையைத் திருடிப் போட்டுக்கொண்டு அவர் வீட்டுக்கே விருந்துக்குப் போவது போல இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துக் கல்யாண மண்டபத்தில் விழா. சமையல் பாத்திரங்களை அடுக்கிவைக்கிற பின்அறையை மேக்கப் ரூமாக ஒதுக்கியிருந்தார்கள். ஷிப்ட் முடிந்து நேராக வந்ததால் வீட்டில் சாயம் போட நேரமில்லை. பிரிஸ்கில்லா கிண்ணத்தில் சாயத்தைக் கரைத்து, புருஷன் தோளைச் சுற்றி உரப்பையை வெட்டிப் போர்த்திவிட்டு, பழைய பல் பிரஷ்ஷால் தடவிக்கொண்டிருந்தாள். வலது பக்கம் முடிந்திருந்தது. முன்னால் மைக்கில் பேச்சு ஆரம்பித்துவிட்டது.

"இன்றைக்கு அவர் இருந்திருந்தால், இந்த நாட்டையே ஆண்டிருப்பார்!" என்று யாரோ முழங்கினார்கள். கைதட்டல் கேட்டது.

கதவு திறந்தது. வெங்கடேசனின் குரல்தான் முதலில் வந்தது. "மேடம், மேடம், மேக்கப் இன்னும் முடியல. அஞ்சே நிமிஷம் அங்க உக்காந்தீங்கன்னா…"

"பரவாயில்லை" என்று சொல்லிக்கொண்டே ஒரு பெண்மணி உள்ளே வந்தார். நூல் சேலை, தடித்த கண்ணாடி, கழுத்துவரை வெட்டிய நரைத்த முடி. போஸ்டரில் இருந்த அழுகிற பெண்ணை இவரிடம் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

பெஞ்சமின் எழப் பார்த்தார். பிரிஸ்கில்லா தோளை அழுத்தி உட்காரவைத்தாள். "ஆடாதய்யா, சாயம் காதுல வழியுது."

சசிரேகா பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தார். வெங்கடேசன் கைகட்டி நின்றார். "நீங்க போய் விழாவைப் பாருங்க. நான் இவங்களோட இருக்கேன்" என்று சசிரேகா சொன்ன பிறகும் கொஞ்சம் தயங்கிவிட்டுத்தான் போனார்.

சசிரேகா பெஞ்சமினையே பார்த்துக்கொண்டிருந்தார். பெஞ்சமினுக்குக் கண்ணை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. அடுக்கியிருந்த அண்டாக்களைப் பார்த்தார்.

"பாதி போட்டாச்சா?"

"ஆமாம்மா" என்றாள் பிரிஸ்கில்லா. "இந்தப் பக்கந்தான் பாக்கி கீது."

"போடாத பக்கத்தைக் கொஞ்சம் திருப்புறீங்களா?"

பெஞ்சமின் தலையைத் திருப்பினார். நரைத்த பக்கம் வெளிச்சத்துக்கு வந்தது. சசிரேகா கண்ணாடியைக் கழற்றி, சேலைத் தலைப்பில் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார். அழப்போகிறார் என்று நினைத்து பிரிஸ்கில்லா பிரஷ்ஷைக் கீழே வைத்தாள்.

"இவ்வளவு முடி இருந்திருக்காது அவருக்கு" என்றார் சசிரேகா.

இருவருக்கும் புரியவில்லை.

"அவங்கப்பாவுக்கு நாப்பது வயசுலயே வழுக்கை. அவருக்கும் முன்நெத்தி ஏற ஆரம்பிச்சிருந்துச்சு. எனக்கும் மேக்கப்மேனுக்கும்தான் தெரியும். தினமும் கண்ணாடி முன்னால நின்னு விளக்கெண்ணெய் தேய்ப்பார்."

பிரிஸ்கில்லாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டாள். சசிரேகாவும் சிரித்தார். 

"ஒரு படம் வந்தது போன்ல" என்றார் சசிரேகா. "கம்ப்யூட்டர்ல செஞ்சது. அவர் இப்ப இருந்தா எப்படி இருப்பார்னு. எத்தனை பேர் அனுப்பினாங்கன்னு கணக்கே இல்லை. முகத்துல நாலு சுருக்கம் போட்டு, முடிய வெள்ளையாக்கி, பல்லெல்லாம் முத்து மாதிரி சிரிக்க வச்சிருந்தாங்க. வயசானவர் இல்லை அது. வயசான வேஷம். எனக்கு ஒரு வாரம் சாப்பாடு இறங்கலை. அப்பதான் யாரோ உங்களப் பத்திச் சொன்னாங்க." கொஞ்சம் நிறுத்திவிட்டுக் கேட்டார், "உங்களுக்கு சுகர் இருக்கா?"

பெஞ்சமின் வாயைத் திறக்குமுன் பிரிஸ்கில்லா ஆரம்பித்துவிட்டாள். "கீதான்னா கேக்கறீங்க! மாத்திர போடுன்னா போடறதில்லம்மா. கேட்டா போட்டுட்டேன்னு பொய்யி. சட்டப் பைய துவைக்க சொல்லோ பாத்தா மாத்திர அப்டியே ஒட்டிக்கினு கீது. டூட்டியில லாரிக்காரனுங்க வாங்கித் தர்ற டீயெல்லாம் சக்கர போட்டுத்தான். எனக்குத் தெரியாதுன்னு நெனப்பு. ராவெல்லாம் கால் எரியுதுன்னு என்னியத் தூங்க வுடறதில்ல…"

"ஏ, போதும்மே" என்றார் பெஞ்சமின்.

"இருங்க, அவங்க சொல்லட்டும்" என்றார் சசிரேகா. "இன்னும் சொல்லுங்க."

பிரிஸ்கில்லாவுக்குக் கூச்சம் வந்துவிட்டது. இதில் சொல்ல என்ன இருக்கிறது? எல்லா வீட்டிலும் நடப்பதுதானே?

"என் வீட்ல நடக்கலையே" என்றார் சசிரேகா. குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "அவர்மேல எனக்கு ஒரு தடவைகூடக் கோபம் வந்ததில்லை. நல்லவர்னு இல்லை. கோபம் வர்ற அளவுக்கு நாள் கிடைக்கலை. ஷூட்டிங் முடிஞ்சு வருவார், தூங்குவார், போவார். என்ன சொன்னா அவருக்கு எரிச்சல் வரும், எந்தக் குழம்பு பிடிக்காது, எதுக்குப் பொய் சொல்வார், எதுவும் எனக்குத் தெரியாது. உங்க எல்லாருக்கும் தெரிஞ்ச அளவுதான் எனக்கும் தெரியும்."

வெளியே அடுத்த பேச்சாளர் வந்திருந்தார். இருந்திருந்தால் டெல்லியில் விருது மேல் விருதாக வாங்கியிருப்பார் என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார். மூன்று பேரும் சற்று நேரம் அதைக் கேட்டார்கள்.

"நீங்க அப்பறம் கண்ணாலம் கட்டிக்கலியா அக்கா?" என்று பிரிஸ்கில்லா கேட்டாள். அவள் அம்மா என்பதை விட்டு அக்கா என்று கூப்பிட ஆரம்பித்திருந்தாள்.

"ஒருத்தர் கேட்டார். ஆபீஸ்ல கூட வேலை பார்த்தவர். நல்ல மனுஷன். எனக்கும் இஷ்டம்தான். அது எப்படியோ வெளியே தெரிஞ்சுபோச்சு. ஒருநாள் காலைல கதவைத் திறந்தா வாசல் பூரா ஆட்கள். வேன் பிடிச்சு வந்திருந்தாங்க. கல்லெறியலை, சத்தம்கூடப் போடலை. உட்கார்ந்து அழுதாங்க. 'அண்ணி, அண்ணனை மறந்துடாதீங்க அண்ணி'ன்னு அழுதாங்க. அடிக்க வந்திருந்தா எதிர்த்து நின்னிருப்பேன். அழறவங்களை என்ன செய்யறது?" அவர் கதவுப் பக்கம் பார்த்தார். "என்னை உள்ளே கூட்டிட்டு வந்தாரே, அவர் அன்னிக்கு முதல் வரிசைல உட்கார்ந்திருந்தார். சின்னப் பையன். மூக்கு ஒழுக ஒழுக அழுதார். கார் கதவைத் திறந்துவிடும்போதே அடையாளம் தெரிஞ்சுடுச்சு. ஏதாவது கேக்கலாம்னு நினைச்சேன். அவருக்கும் வயசாயிடுச்சு, படியேற மூச்சு வாங்குது. விட்டுட்டேன்."

அந்த வேன் உத்திரமேரூரிலிருந்து கிளம்பியது பெஞ்சமினுக்கு நினைவிருந்தது. 'அண்ணிகிட்ட பேசி முடிச்சிட்டு வந்தோம்' என்று வெங்கடேசன் டீக்கடையில் சொன்னதும் நினைவிருந்தது. அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"அவரு போனப்பறந்தாம்மா எனக்கு நல்ல பொயப்பு" என்றார் மெதுவாக. "அத்த நெனச்சா சோத்துல கை வெக்க சொல்லோ ஒரு மாதிரி இருக்கும்."

"நீங்க என்ன செய்வீங்க, உங்க முகம் அப்படி. அது இல்லைன்னா என்ன ஆகியிருப்பீங்க?"

யாரும் அவரிடம் இதைக் கேட்டதில்லை. யோசித்தார். "மில்லுல மூட்ட தூக்கினு இருந்தேன். ஒண்ணும் பெருசா நெனைக்கல."

"ஏன், லாரி ஓட்டணும்னு சொல்வியே" என்றாள் பிரிஸ்கில்லா. "கண்ணாலம் ஆன புதுசுல. பம்பாய் வரிக்கும் ஓட்டுவேன், உன்னியும் முன்னாடி குந்த வெச்சி இட்டுனு போவேன்னியே."

"ஆமா, சொன்னேன்" என்றார் பெஞ்சமின். "லைசென்ஸ் எடுக்க சொல்லோ புரோகிராம் மேல புரோகிராம் வந்துட்ச்சு."  கால் முட்டியைத் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

பிரிஸ்கில்லா கிண்ணத்தை எடுத்தாள். சாயம் ஓரங்களில் காய்ந்திருந்தது. "மீதிய போடட்டுமா, வாணாமா?"

அவர் சசிரேகாவைப் பார்க்கவில்லை. "வாணாம். கழுவி வுட்டுடு" என்றார்.

கழுவியும் வலது பக்கம் போகவில்லை. ஒரு பாதி கறுப்பும் ஒரு பாதி வெள்ளையுமாக அவர் வெளியே வந்தபோது வெங்கடேசன் பதறிப்போனார். "டேய், இன்னாடா இது கோலம்? ஜனங்க சிரிக்க மாட்டாங்க?" என்று கையைப் பிடித்தவர், பின்னால் வந்த சசிரேகாவைப் பார்த்ததும் விட்டுவிட்டார்.

பாட்டு போட்டார்கள். ரெக்சின் ஜாக்கெட்டின் பொத்தான் தொப்பையில் சேரவில்லை. அப்படியே திறந்துவிட்டுக்கொண்டு பெஞ்சமின் மேடையில் நடந்தார். முதலில் விசில் வந்தது. தலையைக் கவனித்ததும் விசில் குறைந்து முணுமுணுப்பு ஆனது. அவர் ஆடினார். கைகளுக்கு எல்லாம் நினைவிருந்தது, தோளுக்கும் நினைவிருந்தது. ஜெயரூபன் முட்டியூன்றிச் சுழலும் அந்த இடம் வந்தது. இடது முட்டியைத் தரையில் ஊன்றினார். பாதி சுற்றுவதற்குள் உள்ளே ஏதோ கழன்றது போல வலி. சுற்று முடியவில்லை. எழ முடியவில்லை. பாட்டு தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. அவர் மேடை நடுவில் ஒரு கையைத் தரையில் ஊன்றி உட்கார்ந்திருந்தார்.  வெங்கடேசன் மேடை ஓரத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அப்போது பின்வரிசையிலிருந்து ஒரு ஆள் எழுந்து கத்தினார்: "பரவால்ல தலைவா! குந்திக்கினே ஆடு!"

மண்டபம் சிரித்தது. தேர்த் திருவிழாவில் அந்தக் குழந்தை 'தாத்தா' என்றதும் எழுந்த சிரிப்பு போல இல்லை இது. "வயசாவுதில்ல!" என்றது இன்னொரு குரல். "நமக்கு மட்டும் கொறையுதா?" என்றது வேறொன்று. அங்கே இருந்தவர்களில் பெரும்பாலோருக்குத் தலை நரைத்திருந்தது. மொட்டை போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டில் அழுத பையன்கள்தான் எல்லோரும். பெஞ்சமின் உட்கார்ந்தபடியே கைகளை ஆட்டினார். பாட்டு முடிகிற இடத்தில் காலரைத் தூக்கிவிட்டார். சிரிக்க முயன்றார், வலியில் முகம் கோணிக்கொண்டது. முன்வரிசையில் ஒருவர் துண்டால் கண்ணைத் துடைத்தார். பக்கத்தில் இருந்தவரும் துடைத்தார்.

பிரிஸ்கில்லா தண்ணீர் பாட்டிலோடு மேடைமேல் ஏறிவிட்டாள். "ஆடாத ஆடாதன்னு தலப்பாடா அட்ச்சிக்கினேனா இல்லியா? கால ஒட்ச்சிக்கினு படுத்தா யாரு பாக்கறது? நானா?" கீழே கிடந்த மைக்கில் அது அப்படியே மண்டபம் முழுக்கக் கேட்டது. சிரிப்பும் கைதட்டலும் கூரையைப் பிளந்தன. சசிரேகாவும் சிரித்தார். சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தவர், கொஞ்ச நேரத்தில் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துவிட்டார். அதன் பிறகு அவர் சிரித்தாரா அழுதாரா என்று பக்கத்தில் இருந்தவர்களுக்கே தெரியவில்லை.

வெங்கடேசன்தான் வந்து பெஞ்சமினின் கையை எடுத்துத் தன் கழுத்தைச் சுற்றிப் போட்டுத் தூக்கினார். "மெள்ள, மெள்ள" என்றார். மேடையில் சசிரேகாவுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்காரவைத்தார். "நாளைக்கு நானே கார் எடுத்துனு வந்து ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போறேன்" என்று காதருகில் சொன்னார்.

சசிரேகாவைப் பேசச் சொன்னார்கள். அவர் மைக்கின் முன் வெகுநேரம் நிற்கவில்லை. "அவர் இருந்திருந்தா என்ன ஆகியிருப்பார்னு எல்லாரும் சொன்னீங்க. எனக்குத் தெரியாது. முட்டிவலி வந்திருக்கும். எனக்கும் வந்திருக்கு. ஒரே ஒரு விஷயம் கேக்கணும். அந்தப் போஸ்டர்ல நான் அழற படத்தைப் போடாதீங்க இனிமே. பார்த்துப் பார்த்து அலுத்துப்போச்சு." அவ்வளவுதான். வந்து உட்கார்ந்துவிட்டார். கைதட்டலாமா கூடாதா என்று தெரியாமல் சிலர் தட்டினார்கள், சிலர் தட்டவில்லை.

மறுநாள் கார் வரவில்லை. வெங்கடேசனுக்கு அறுவடை. பெஞ்சமினின் மகள் ஏஞ்சல் காஞ்சிபுரத்திலிருந்து வந்து அவரை உத்திரமேரூர் அரசு ஆஸ்பத்திரிக்கு ஷேர் ஆட்டோவில் கூட்டிப்போனாள். இனி தரையில் உட்காரவே கூடாது என்றார் டாக்டர். ஆடுவதைப் பற்றி அவர் கேட்கவும் இல்லை, இவர்கள் சொல்லவும் இல்லை. ஒரு மாதம் வீட்டில் இருந்துவிட்டு மறுபடி வேலைக்குப் போனார். சூப்பர்வைசர் மனது வைத்து, கேட்டைத் தள்ளுகிற வேலையை வேறு ஆளுக்குக் கொடுத்து, இவரை கேமரா பார்க்கிற அறையில் உட்காரவைத்தார். தலையில் சாயம் போட்ட பக்கம் வெட்ட வெட்டக் குறைந்து வெயில் காலத்துக்குள் முழுதும் வெள்ளையாகிவிட்டது.

சசிரேகா பிரிஸ்கில்லாவுக்கு எப்போதாவது போன் செய்வார். ஜெயரூபனைப் பற்றிப் பேச்சே வராது. முருங்கைக்கீரை முட்டிக்கு நல்லதாமே, அந்தப் பக்கம் மழை உண்டா, ஏஞ்சலுக்கு வரன் ஏதும் அமைந்ததா, இப்படித்தான்.

அடுத்த தை மாதம் வெங்கடேசன் வரவில்லை. மதுராந்தகத்திலிருந்து ஒரு பையனைப் பிடித்திருப்பதாகவும், அவன் மேடையில் அப்படியே பம்பரமாகச் சுற்றுகிறான் என்றும் ஊரில் பேசிக்கொண்டார்கள். போஸ்டரில் அழுகிற படம் இல்லை. அந்த இடத்தில் வெங்கடேசன் தன் படத்தைப் போட்டிருந்தார்.

நினைவு நாள் அன்று பெஞ்சமினுக்கு இரவு ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ் உத்திரமேரூர் வழியாகத்தான் வந்தது. மண்டப வாசலில் ஸ்பீக்கர் கட்டி அந்தப் பாட்டைப் போட்டிருந்தார்கள். டிரைவர் திரும்பி, "இன்னா பெஞ்சமின், உன் பாட்டு போடறாங்க, எறங்கலியா?" என்று கேட்டார்.  பெஞ்சமின் ஜன்னல் கம்பியில் தலைசாய்த்து, வாய் லேசாகத் திறந்திருக்க, நல்ல தூக்கத்தில் இருந்தார். டிரைவர் அவரை எழுப்பவில்லை. திருப்புலிவனம் வந்ததும் எழுப்பிக்கொள்ளலாம் என்று வண்டியை ஓட்டினார்.